விற்கும் முன் வீட்டினுள்ளே

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. கட்டுவதன் வருத்தத்தைச் சொல்லிவைத்த முன்னோர், விற்பதன் வருத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமற் போயினர். பாட்டன் இருந்த வீட்டிற் பேரன் இருப்பான் என்பதே அவர்கள் கண்ட ஒழுங்கு. இக்காலம் அப்படியன்று. உத்தியோக மாற்றம், பிள்ளைகளின் படிப்பு, கடன் தொல்லை, கடல் கடந்த பிழைப்பு என்று ஏதேனுமொரு காரணத்தால் இருக்கும் வீட்டை விற்க நேர்கின்றது. விற்பதென்று தீர்மானித்தவுடன் வீட்டாருக்கு எழும் முதற் கேள்வி, “பார்க்க வருபவருக்கு வீட்டின் உட்புறத்தை எப்படிக் காட்டுவது?” என்பதாகும்.

இவ்வாரம் அதுபற்றியே பேச எண்ணுகின்றோம். நமது மலைநாட்டில், சிறப்பாகப் பதுளையையும் தெமோதரையையும் சார்ந்த தோட்டப்புறங்களில், இக்கேள்விக்குத் தனியானதொரு கனம் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிட்டுப் பின்னர் துடைப்பத்துக்கும் சுண்ணாம்புக்கும் வருவோம்.

விற்க முடியாத வீடு

தெமோதரை என்றதும் புகைவண்டிப் பாதைதான் பலருக்கும் நினைவு வரும். பாதை மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் கடந்து வந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து செல்லும் விந்தை அங்கே உள்ளது. அந்நிலையத்துக்கும் எல்ல நிலையத்துக்கும் இடையிலே 1921ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண இன்று உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். 1924ஆம் ஆண்டில் இப்பாதை பதுளையை எட்டிற்று. ஊவா மலைகளின் தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்கு அது பெருந்துணையாயிற்று. அத்தேயிலைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்த கைகளோ, லயங்களிலே அடுப்பு மூட்டின.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். பல தலைமுறைகளுக்கு வீடென்பது இதுவே. முதுகோடு முதுகொட்டிய இரட்டை லயமாயின் பின்சுவரிற் சன்னல் வைக்கவும் வழியில்லை. உள்ளிருந்த பெண்கள் தரையை மெழுகினர். அடுப்படிக்கு மண் பூசினர். சுவரிற் சாமி படம் மாட்டினர். ஆயினும் சுவர் அவர்களுடையதன்று. தோட்டத்தில் வேலை உள்ளவரையில் காம்பராவும் உண்டு. வேலை போனால் அதுவும் போம். 1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. சொந்தக்காரரின் பெயர் மாறிற்றேயன்றி, உள்ளிருந்தவரின் நிலை மாறவில்லை.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என்பது அதன் சாரம். எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அதன்படி இந்தியா செல்லப் பதிவான குடும்பங்கள் புறப்படுமுன் பண்டம் பாத்திரங்களையும், பால் தந்த பசுவையும், எடுத்துச் செல்ல இயலாத மரச் சாமான்களையும் அயலாருக்கு விற்றன. விற்க முடிந்தவை அவ்வளவே. ஐம்பது ஆண்டு மெழுகிய தரைக்கு விலையில்லை. தம் கையாற் கட்டிய அடுப்புக்கு விலையில்லை. காம்பராவை வெறுமையாக்கி விட்டு, தலைமன்னாரை நோக்கிப் புகைவண்டி ஏறினர். கதறியழுத உற்றாரைப் பிரித்துக்கொண்டு போன அந்த வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று மலைநாட்டார் பெயரிட்டனர். 1984ஆம் ஆண்டிற் கப்பற் போக்குவரத்து நின்றதோடு அப்பயணமும் நின்றது.

இதனை நாம் நினைவூட்டுவதற்குக் காரணமுண்டு. விற்க முடிகிற வீடு என்பதே ஒரு பேறு. விற்பதற்கு உரிமையுள்ளவனுக்கே விற்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் உண்டு. அவ்வுரிமை இப்போதுதான் தோட்டப்புறத்தின் வாசலை எட்டிப் பார்க்கின்றது. இந்திய உதவியுடன் மலைநாட்டிலும் ஊவாவிலும் முதலில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கிற்று. 2017ஆம் ஆண்டு மே 12ஆந் திகதி நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதிலே சுமார் 550 சதுர அடியில் ஒரு வீடு. இன்றும் லயத்திலேயே வாழ்வோர் மிகப் பலர்; வீடு கிடைத்தும் உறுதி கைக்கு வராதோரும் உளர். எனினும், தன் பெயரில் உறுதியுள்ள முதற்றலைமுறை ஒன்று தலையெடுத்துவிட்டது. வீட்டை விற்கும் கலையையும், விற்காதிருக்கும் கலையையும் அத்தலைமுறை ஒருங்கே கற்க வேண்டும்.

மூடுவதா, திறப்பதா?

மேனாட்டில் இக்கலை ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்காவில் வீடு விற்கும் தொழிலிலிருந்த பார்ப் ஷ்வார்ஸ் என்னும் அம்மையார் 1972ஆம் ஆண்டளவில் இதனைத் தொடங்கியவராகக் கருதப்படுகின்றார். நாடக மேடையை அலங்கரிப்பது போல் வீட்டை அலங்கரித்துக் காட்டுவதே அவருடைய முறை. தொரொன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர்க்கு இது பழக்கமான சங்கதி. வாடகைக்கு எடுத்த நாற்காலியும், மேசைமேல் பூச்சாடியுமாக வீடு விருந்தாளிக் கோலம் பூண்டு நிற்கும்.

அதிற் கற்கத்தக்கது உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. வருபவர் கண்ணுக்கு வீடு துப்புரவாகவும் வெளிச்சமாகவும் இருத்தல் வேண்டுமென்பது நல்ல பாடம். குறைகளின்மேல் திரை போடுவது தீய பாடம். நாம் கூற வந்தது ஒன்றே: விற்பனைக்கு வீட்டை ஆயத்தம் செய்வதென்பது அதனைத் திறந்து காட்டுவது, மூடி மறைப்பதன்று.

முதலில் ஒழித்தல்

ஆயத்தத்தின் முதற்படி காசு செலவில்லாதது. வேண்டாத பொருள்களை அகற்றுவதே அது. சிறிய வீட்டிற் பொருள் நிறைந்திருந்தால் அது மேலும் சிறிதாகத் தோன்றும். பரண்மேல் ஏறிய பழைய பெட்டி, கட்டிலின்கீழ்க் கிடக்கும் உடைந்த குடை, கதவின் பின்னே தொங்கும் ஏழெட்டுச் சட்டைகள், இவை யாவும் இடம்பெயர வேண்டியவை. வருபவர் தமது கட்டிலையும் அலுமாரியையும் எங்கே வைக்கலாமென மனத்தாற் கணக்கிடுவார். அதற்குத் தரையும் சுவரும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து, வீட்டாரின் சொந்தச் சுவடுகள். குடும்பப் படங்களையும் பரிசுக் கிண்ணங்களையும் முன்கூட்டியே கட்டி வைத்தல் நன்று. கதவின் பின்புறத்திற் கரித்துண்டால் எழுதிய பால் கணக்கு, சுவரோரத்திற் பிள்ளைகள் கீறிய முதலெழுத்து, யாரோ பிறந்த திகதி, இவை பல வீடுகளில் இருக்கும். கழுவுமுன் அவற்றை ஒரு கொப்பியிற் பெயர்த்தெழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் சரித்திரம் சில வேளைகளில் அந்தச் சுவரைத் தவிர வேறெங்கும் இருப்பதில்லை.

அடுப்படி, கூரை, சுவர்

மலைநாட்டு வீட்டில் வருபவர் முதலில் நோக்குவது அடுப்படியை. கவ்வாத்து மிலாறு எரித்த புகை சுவரிலும் கூரையின் உட்புறத்திலும் கரியாகப் படிந்திருக்கும். அக்கரியின்மேல் நேரே சுண்ணாம்பு அடித்தால் சில நாளில் மஞ்சட் கறையாக அது மீண்டும் எட்டிப் பார்க்கும். ஆகையால் முதலில் உலர்ந்த துடைப்பத்தாற் கரியைத் தட்டி, சலவைச் சோடா கலந்த நீராற் கழுவி, நன்கு உலரவிட்ட பின்னரே வெள்ளையடித்தல் வேண்டும்.

கூரையைச் சோதிக்க ஓர் எளிய உபாயம் உண்டு. வெயில் நேரத்திற் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். தகரத்தில் ஆணி துருப்பிடித்த துளைகள் வெள்ளிப் பொட்டுப்போல் மின்னும். ஒவ்வொன்றின் நேர்கீழும் தரையில் ஒரு குறியிட்டுக்கொண்டால் தச்சருக்கு வேலை இலகுவாகும். கூரை கல்நார்த் தகடாயின் அதனை அறுப்பதும் சுரண்டுவதும் ஆகாது. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு விளைப்பது.

சுவரின் அடியில் ஈரமும் பூஞ்சணமும் இருந்தால் நோய் பெரும்பாலும் வெளியே இருக்கும். வீட்டைச் சுற்றிய கான் அடைபட்டிருக்கலாம். கூரைப் பீலி ஒழுகலாம். மண் சரிந்து சுவரோடு குவிந்திருக்கலாம். கானை வெட்டி, மண்ணை அகற்றி, சுவரைச் சில வாரம் உலரவிடுங்கள். ஈரத்தின்மேற் பூசிய வர்ணம் கொப்புளித்து உரிவதோடு, வீட்டார் எதையோ மறைத்தனர் என்ற எண்ணத்தையும் வருபவர் மனத்தில் உண்டாக்கும்.

வர்ணம் பூசாத பழஞ்சுவருக்குச் சுண்ணாம்பே மலிவும் நலமுமாகும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்து, சுவரைச் சற்றே நனைத்து, மெல்லியதாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் இடைவெளி விட்டு அடித்தல் வேண்டும். ஒரே முறையிற் கனமாக அடித்தால் உலர்ந்ததும் பொருக்காக உதிரும். மாணவர் ஒன்றைக் கவனிக்கலாம்: சுவரிற் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உட்கொண்டு மெல்லமெல்ல மீண்டும் சுண்ணக்கல்லாகின்றது. அதன் காரத்தன்மையால் பூஞ்சணம் எளிதிற் படர்வதில்லை. ஏற்கெனவே எண்ணெய் வர்ணம் பூசிய சுவரில் மட்டும் சுண்ணாம்பு பிடிக்காது.

கதவுக் கொண்டி, ஒழுகும் குழாய், உடைந்த கண்ணாடி, எரியாத மின்விளக்கு போன்ற சிறு குறைகளை மறவாமற் சீர்செய்யுங்கள். விற்பதற்கென்றே பெருஞ்செலவில் தரைக்கு ஓடு பதிப்பதும் சமையலறையைப் புதிதாக்குவதும் வேண்டாதவை. வாங்குபவர் தமது விருப்பப்படி அவற்றை மாற்றுவார். செலவிட்ட பணம் விலையில் முழுமையாகத் திரும்பி வருமென்பது நிச்சயமில்லை.

வெடிப்பு சொல்லும் செய்தி

ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்கள் வறண்ட காற்றின் காலம். அக்காற்றிலேதான் ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற மணம் ஏறுகின்றது. வெள்ளையடிக்கவும் ஈரம் உலர்த்தவும் அதுவே ஏற்ற பருவம். அதுவே வீடு தன் குறைகளை மறைத்துக்கொள்ளும் பருவமும் ஆகும். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று வந்த பின்னரே அவ்வீட்டின் உண்மை தெரியும். ஆகவே ஆவணியில் வீட்டைக் காட்டுபவர், கார்த்திகையில் அது எப்படியிருக்கும் என்பதையும் வாய்திறந்து கூறுதல் தருமம்.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது சுவர் வெடிப்பு. மயிரிழை போன்ற வெடிப்பு பூச்சு காய்ந்ததனால் உண்டாகும், அதனால் அச்சமில்லை. தரையிலே தொடங்கிச் சுவரேறிச் செல்லும் வெடிப்பும், நாளுக்கு நாள் அகலும் வெடிப்பும் வேறு வகை. நேற்றுவரை நன்றாக மூடிய கதவு இன்று நிலையில் இறுகுதல், சன்னற் சட்டம் கோணுதல், வீட்டின் பின்மேட்டிற் புதிய நீரூற்று தோன்றுதல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் என்பன மலை நகரத் தொடங்கியதற்கான அறிகுறிகள். சுவரின் இருபுறத்தும் பென்சிலாற் கோடிட்டு, திகதி குறித்து, கிழமைக்கொருமுறை அளந்து பாருங்கள். வீட்டிலுள்ள மாணவர் இதனை எளிதிற் செய்யலாம்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் திகதி காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி பொழிந்த மழையிலும் பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. இத்தகைய மண்ணிலே, வெடிப்பின்மேற் சிமெந்தைப் பூசி வர்ணம் தீட்டி விற்பதை வியாபார சாமர்த்தியம் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. அவ்வெடிப்பின் அருகே நாளை வேறொரு தாய் தன் குழந்தையை உறங்க வைப்பாள்.

ஐயம் தோன்றினால் பூசுவதை நிறுத்திவிட்டு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ அறிவித்து ஆலோசனை கேளுங்கள். ஆபத்து உண்மையாயின் முதலிற் காக்கப்பட வேண்டியவர் வீட்டிலிருப்போரே. விற்பனை பின்னர் பார்த்துக்கொள்ளக்கூடியது. சட்டமும் இதையே சொல்கின்றது. நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்ட மரபின்படி, வெளிக்குத் தெரியாத பெருங்குறையை அறிந்திருந்தும் ஒளித்து விற்றவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

அலுமாரிக்குள் இருப்பது

வீட்டின் உட்புறம் என்று நாம் சொல்வதில் அலுமாரியின் உட்புறமும் அடங்கும். உறுதி, நில அளவை வரைபடம், வரிப் பற்றுச்சீட்டு, தண்ணீர், மின்சாரக் கட்டணச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோவையிற் சேர்த்து வையுங்கள். உறுதியிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றுபோல் உள்ளனவா என்று பாருங்கள். தோட்டப்புறத்துப் பெயர்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்படும்போது எழுத்து மாறிப்போவது புதிதன்று. அதனைத் திருத்தாமல் விலை பேசுவது, அடைப்பில்லாத குடத்தில் நீர் மொள்வது போலாகும்.

காணி விற்பனை வாய்ப்பேச்சால் நிறைவேறாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதிக் கையொப்பமிட்ட உறுதியே செல்லும். வெற்றுத்தாளிற் கையெழுத்திட்டு முற்பணம் வாங்குவதால் எத்தனையோ வழக்குகள் பிறந்துள்ளன. மேலும், கையிலுள்ள பத்திரம் எவ்வகையது என்பதையும் அறிதல் வேண்டும். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய அளிப்புப் பத்திரமாயின், உரிய அரசாங்க அதிகாரியின் எழுத்து மூலமான சம்மதமின்றி அக்காணியைக் கைமாற்ற இயலாது. பத்திரத்தின் பின்பக்க நிபந்தனைகளை வீட்டிற் படித்த பிள்ளையொருவர் உரத்து வாசிக்க, பெரியோர் அனைவரும் இருந்து கேட்பது உத்தமம். வீட்டுத் தலைவரின் கையொப்பம் போதும் என்று எண்ணாது, அவ்வீட்டிற் பாடுபட்ட தாயையும் மனைவியையும் அருகில் அமர்த்திக் கேளுங்கள்.

விற்குமுன் ஒரு கேள்வி

எல்லாம் ஆயத்தமான பின்பு, “இதை விற்றுவிட்டு எங்கே இருப்போம்?” என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எல்லயையும் தெமோதரையையும் நாடிப் பிரயாணிகள் வரும் இந்நாளில், அப்பக்கத்து நிலத்துக்கு விலை கேட்டு வருவோர் வரக்கூடும். கைநிறைந்த பணத்தைக் கண்டு ஏழு பேர்ச்சஸைக் கொடுத்தவர், அப்பணத்தால் வேறோரிடத்தில் அதற்கீடான வீட்டை வாங்க முடியுமா என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். கடனை அடைக்க வீட்டை விற்று, பின்பு வாடகை கொடுக்கக் கடன் வாங்குவது முன்னேற்றமாகாது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பிறர் சுவரை மெழுகிய இனத்துக்குக் கிடைத்த முதற் சுவர் அது. விற்க வேண்டிய அவசியம் மெய்யானதாயின் நிமிர்ந்த தலையோடு விற்கலாம்; ஆசையோ அவசரமோ ஆனால் பொறுத்திருப்பதே நலம்.

இன்னுமொன்று. மேலே கூறிய ஆயத்தங்களையெல்லாம் செய்து முடித்த வீட்டைக் காலை வெயிலிற் சன்னலைத் திறந்துவைத்துப் பாருங்கள். கரியற்ற அடுப்படி, ஒழுகாத கூரை, ஈரமற்ற சுவர், கதவு தட்டாமல் திறக்கும் நிலை, ஒழுங்காக அடுக்கிய பத்திரங்கள்! வாங்க வருபவருக்காகச் செய்த இவை யாவும் அதுவரை அவ்வீட்டிலிருந்த நம் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியிருந்தவையே. ஆதலால் விற்கும் எண்ணம் இல்லாதவரும் இவ்வாண்டு ஆவணி வெயிலில் இவற்றைச் செய்து பார்க்கலாம். கூரைத் துளைகளை எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள்.